பத்மநாப தாசர் பட்டமும் மார்த்தாண்ட வர்ம மகாராஜாவும்

பட்டங்களை விரும்பாத அரசர் உலகில் அரியர். வென்ற நாடுகளின் பெயர்களையும், அடக்கிய பகைவர்களின் பெயர்களையும் தம் பெயரோடு சேர்த்துக் கொள்வது எல்லா நாட்டு மன்னர்களுக்கும் பழக்கமாக இருந்தது. இங்கிலாந்து மன்னர்கள் இன்றும் தாங்கி வரும் மதக் காவலர் என்ற பட்டத்தின் கதை சுவையானது. மார்ட்டின் லூதரை மறுத்து எட்டாம் ஹென்றி ஒரு நூல் எழுதினார். அதனால் மகிழ்ந்த பத்தாம் லியோ என்ற போப்பாண்டவர் 1521-ஆம் ஆண்டில் அவருக்கு அந்தப் பட்டத்தை வழங்கினார். பதின்மூன்று ஆண்டுகளில் ஹென்றி போப்பாண்டவரோடு பிணங்கி, இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தாமே தலைவரானார். கொடுத்தவரோடு உறவு முறிந்தது. கொடுத்த பட்டத்தை மட்டும் அவர் விடவில்லை. பார்லிமெண்டின் சட்டத்தைக் கொண்டு அதை உறுதிப்படுத்திக் கொண்டார். அவர் மகன் ஆறாம் எட்வர்டு, மகள்கள் மேரி, எலிசபெத் என்று அது வழிவழியாக இறங்கி, 2022-இல் அரியணை ஏறிய மூன்றாம் சார்லஸ் வரை வந்திருக்கிறது.

காவலர் என்று பெயர் சூட்டிக் கொண்ட மன்னர்கள் அங்கே. அடிமை என்று பெயர் சூட்டிக் கொண்ட மன்னர்கள் இங்கே, நம் பக்கத்திலேயே இருந்தார்கள். திருவிதாங்கூர் மன்னர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தாங்கிய ஸ்ரீபத்மநாப தாசர் என்ற பட்டத்தையே குறிப்பிடுகிறோம். தாசர் என்றால் ஊழியர், அடிமை என்று பொருள். அதை முதன்முதலில் இராஜ்யத்தின் சட்டப் பெயராகவே ஏற்றவர் அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மர். அவர் பணிவே உருவான சாதுவா என்றால், இல்லை. கேரள வரலாற்றில் அவரைப் போல இரும்புக்கரம் கொண்டு ஆண்டவர் வேறொருவர் இல்லை எனலாம். அப்படிப்பட்டவர் ஏன் அடிமைப் பட்டம் ஏற்றார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் போய் வரும் நம் வாசகர்களுக்கு இந்த மன்னரின் வரலாறு தொலைவில் உள்ளதாகத் தோன்றலாம். பழைய நாட்களில் பாலக்காடு மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. சித்தூர்ப் பகுதி கொச்சி இராஜ்யத்தைச் சேர்ந்தது. ஆயின் தேவிகுளமும் பீர்மேடும் 1956-இல் கேரள மாநிலம் அமையும் முன்பு பத்மநாப தாசர்களின் ஆட்சியில் இருந்தவையே. மேலும் இந்த மன்னரின் வாழ்க்கையில் தமிழர்களின் பங்கு மிகப் பெரியது. படைக்கு ஆள் கொடுத்ததும், தளவாயைக் கொடுத்ததும், தலைநகருக்கு இடம் கொடுத்ததும் தமிழ் பேசும் மண்ணே.

அரை ஓட்டு மன்னர்

மார்த்தாண்ட வர்மர் 1706-ஆம் ஆண்டில் ஆற்றிங்கல் அரச குடும்பத்தில் பிறந்தார். பிறந்த நட்சத்திரம் அனுஷம். அதை மலையாளத்தில் அனிழம் என்பர். ஆகவே அனிழம் திருநாள். தந்தை கிளிமானூர் அரண்மனையைச் சேர்ந்தவர். மருமக்கள் தாயம் என்ற முறைப்படி மன்னருக்குப் பின் அவர் மகனுக்குப் பட்டம் வராது. சகோதரியின் மகனுக்கே வரும். அந்த முறைப்படி தம் தாய்மாமன் இராமவர்ம மன்னரின் வாரிசாக அவர் வளர்ந்தார்.

அன்றைய வேணாடு பெயரளவில்தான் ஒரு நாடு. கொல்லம், கொட்டாரக்கரை, காயங்குளம், அம்பலப்புழை என்று பக்கத்திலெல்லாம் சிறு சிறு அரசுகள். உள்நாட்டிலும் மன்னர் சொல் நடப்பதில்லை. பத்மநாப சுவாமி கோவிலின் நிர்வாகம் எட்டரை யோகம் என்ற சபையிடம் இருந்தது. சபையார் எட்டுப் பேருக்கும் முழு ஓட்டு. மன்னருக்கு அரை ஓட்டு. எட்டும் அரையும் சேர்ந்து எட்டரை யோகம். கோவில் நிலங்களில் வரி தண்டும் பொறுப்பு எட்டு வீட்டில் பிள்ளைமார் என்ற பிரபுக் குடும்பங்களின் கையில். கழக்கூட்டம், செம்பழந்தி, பள்ளிச்சல் முதலிய ஊர்களின் பெயரால் அறியப்பட்ட அந்தப் பிரபுக்கள் தங்களுக்கென்று ஆட்படை வைத்திருந்தார்கள்.

இளவரசரின் இளமை இவர்களுக்கு அஞ்சி ஒளிந்து திரிவதிலேயே கழிந்தது என்று கதைப்பாடல்கள் சொல்கின்றன. நெய்யாற்றின்கரையில் பகைவர் துரத்தியபோது ஒரு பலா மரப் பொந்தில் அவர் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழிவழிக் கதை. அம்மச்சிப் பிலாவு என்ற அந்த மரத்தின் எச்சம் நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோவிலில் போற்றிப் பாதுகாக்கப்படுகிறது. சி.வி. இராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மார்த்தாண்ட வர்மா என்ற மலையாள நாவல் இந்தக் காலத்தைப் பற்றியதே.

ஒளிந்து திரிந்த காலத்திலேயே இளவரசருக்கு ஒன்று புரிந்து விட்டது. சொந்தப் படை இல்லாத மன்னர் மன்னரே அல்லர். அவருடைய யோசனையின் பேரில் 1723-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு உடன்படிக்கை ஏற்பட்டது. 1726-இல் மதுரை நாயக்கரிடம் கப்பம் கட்ட ஒப்புக்கொண்டு துணைப்படையும் பெறப்பட்டது. 1729-இல் இருபத்து மூன்றாம் வயதில் அவர் பட்டத்துக்கு வந்தார்.

குருதி படிந்த தொடக்கம்

புதிய மன்னரை எதிர்த்து முதலில் எழுந்தவர்கள் மறைந்த மன்னரின் புதல்வர்களான பப்புத் தம்பி, இராமன் தம்பி என்ற இருவர். தந்தையின் நாடு தங்களுக்கே உரியது என்றார்கள். பிள்ளைமார் அவர்களுக்குத் துணை நின்றார்கள். தம்பிமார் இருவரும் நாகர்கோவில் அரண்மனையில் கொல்லப்பட்டனர். பிள்ளைமாரின் சதி வெளிப்பட்டதும் மன்னர் அவர்களைப் பிடித்து, தலைமை தாங்கியவர்களைத் தூக்கிலிட்டார். அவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. பெண்டு பிள்ளைகள் கடற்கரை மீனவர்களிடம் ஒப்படைக்கப்பட்டு, அந்தக் குடும்பங்களின் பெயரே அழிக்கப்பட்டது. குற்றம் செய்தவர்களோடு குற்றமற்ற பெண்களும் குழந்தைகளும் தண்டனை பெற்ற இந்தச் செயலை மன்னரைப் புகழ்ந்து எழுதுகிறவர்களாலும் நியாயப்படுத்த முடிவதில்லை.

பிரபுக்களின் ஆட்படையை நம்பாமல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மறவர்களைத் தருவித்துப் படையில் சேர்த்தார். இந்தக் காலத்தில் அவருக்கு வலக்கையாக வாய்த்தவர் இராமய்யன். திருநெல்வேலிச் சீமையில் ஏர்வாடியைச் சேர்ந்த தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அரண்மனையில் சிறிய ஊழியத்தில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1737-இல் தளவாய் ஆனார். போர்க்களத்தில் படை நடத்துவதும், அரண்மனையில் வரவு செலவு பார்ப்பதும் இரண்டும் அவருக்குக் கைவந்தன. நிலங்கள் அளக்கப்பட்டன. ஆண்டு தோறும் வரவு செலவை முன்கூட்டித் திட்டமிடும் பதிவுக்கணக்கு முறை ஏற்பட்டது. மிளகு வாணிபம் அரசின் தனியுரிமை ஆயிற்று.

குளச்சல் வெற்றி

மிளகில் கை வைத்ததும் டச்சுக்காரர்கள் விழித்துக் கொண்டார்கள். மலையாளக் கரையின் மிளகு அவர்களுக்குப் பொன். இலங்கையின் டச்சு கவர்னர் வான் இம்ஹோப் நேரில் வந்து மிரட்டிப் பார்த்தார். மன்னர் மசியவில்லை. இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கி, கடற்கரை ஊர்களைப் பிடித்துக் கொண்டு, உள்நாட்டை நோக்கி முன்னேறியது. தலைநகரான கல்குளமே ஆபத்தில் இருந்தது. வடக்கே போரில் இருந்த மன்னர் விரைந்து திரும்பினார்.

1741 ஆகஸ்டு 10-ஆம் தேதி குளச்சலில் நடந்த போரில் டச்சுப் படை தோற்றுச் சரணடைந்தது. பனை மரங்களை வண்டிகளில் ஏற்றிப் பீரங்கிகள் போலக் கரையில் நிறுத்தி, அங்குள்ள மீனவர்கள் கப்பலில் இருந்தவர்களை ஏமாற்றினார்கள் என்று அந்தக் கடற்கரையில் இன்றும் கதை சொல்லப்படுகிறது. ஐரோப்பியக் கடல் வல்லரசு ஒன்றை இந்திய மன்னர் ஒருவர் போர்க்களத்தில் வென்ற அரிய நிகழ்ச்சி இது. குளச்சலில் வெற்றித் தூண் நிற்கிறது.

சிறைப்பட்டவர்களில் டிலனாய் என்ற அதிகாரி ஒருவர். மன்னர் அவரைக் கொல்லவில்லை. தம் படைக்கு ஆசிரியர் ஆக்கினார். பட்டாளத்துக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்து, உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தி, பீரங்கிகள் வார்த்து, வலிய கப்பித்தான் என்ற பதவிக்கு உயர்ந்த அவர் 1777-இல் இறந்தார். அந்தக் கோட்டைக்குள் இருக்கும் அவரது கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இந்தப் புதிய படையின் முன் வடக்கிலிருந்த அரசுகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. கொட்டாரக்கரை, காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் என்று கொச்சியின் எல்லை வரை நாடு பரந்தது. 1753-இல் மாவேலிக்கரையில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி டச்சுக்காரர்கள் மன்னரின் பகைவர்களுக்கு உதவுவதில்லை என்று ஒதுங்கிக் கொண்டார்கள்.

வாளை வைத்து வாளை எடுத்தார்

1686-இல் தீயில் சேதமுற்ற பத்மநாப சுவாமி கோவிலைப் புதுப்பிக்கும் திருப்பணியைப் பட்டமேற்ற சில ஆண்டுகளிலேயே மன்னர் தொடங்கியிருந்தார். பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சாளக்கிராமங்களை உள்ளடக்கிக் கடுசர்க்கரைக் கலவையால் பள்ளிகொண்ட பெருமாளின் திருமேனி அமைக்கப்பட்டது. கருவறையின் முன் ஒரே கல்லாலான ஒற்றைக்கல் மண்டபம் எழுந்தது.

அந்த மண்டபத்தில்தான் கொல்லம் ஆண்டு 925 மகர மாதம் 5-ஆம் தேதி, அதாவது 1750 ஜனவரி 3-ஆம் தேதி, திருப்படி தானம் என்ற நிகழ்ச்சி நடந்தது. குடும்பத்தாரும் கோவில் யோகக்காரர்களும் சூழ்ந்திருக்க, மன்னர் தம் உடைவாளைத் திருப்படியில் வைத்தார். தெற்கே தோவாளைக் கோட்டையிலிருந்து வடக்கே கவணாறு வரை தமக்கிருந்த நாடு முழுவதையும், அதன் உரிமைகள் அனைத்தையும் பத்மநாப சுவாமிக்கே தானமாக எழுதிக் கொடுத்தார். பிறகு அந்த வாளை இறைவனின் ஊழியராகத் திரும்ப எடுத்துக் கொண்டார். அந்த நாள் முதல் திருவிதாங்கூருக்கு அரசர் பத்மநாபர். மன்னர் அவருடைய காரியஸ்தர். பெயருக்கு முன்னால் ஸ்ரீபத்மநாப தாசர் என்று எழுதுவது வழக்கமாயிற்று.

இதற்கு வரலாற்று ஆசிரியர்கள் பல காரணங்கள் கூறுவர். இத்தனை அரச வம்சங்களை அழித்து, இத்தனை குடும்பங்களை வேரறுத்த பாவத்துக்குக் கழுவாய் தேடினார் என்பது ஒரு கருத்து. புதிதாகப் பிடித்த நாடுகளில் கலகம் எழாமல் இருக்கச் செய்த இராஜதந்திரம் என்பது மற்றொரு கருத்து. நாடு இறைவனுடையது ஆகிவிட்டால், மன்னரை எதிர்ப்பது இறைவனையே எதிர்ப்பது ஆகிவிடும் அல்லவா? இரண்டிலும் உண்மை உண்டு. அரை ஓட்டு மன்னராக இருந்தவரின் வாரிசு அவர் என்பதை மறக்கக் கூடாது. கோவிலின் பெயரால் பிரபுக்கள் மன்னரை ஆட்டிவைத்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் கோவிலின் பெயராலேயே மன்னர் நாட்டை ஆளும் காலத்தை அவர் உண்டாக்கினார். ஆயினும் வெறும் தந்திரம் என்று தள்ளிவிடவும் முடியாது. தாம் எழுதிக் கொடுத்த பட்டயம் தம்மையும் தம் வழியினரையும் கட்டும் என்பதை அவர் அறிந்தே எழுதினார்.

ஆறு ஆண்டுக்கு ஒரு முறை ஐம்பத்தாறு நாள் வேதம் ஓதும் முறைஜபமும், நிறைவில் இலட்ச தீபமும் அவர் ஏற்படுத்தியவை. பெரும் பொருள் செலவாகும் அந்த விழாக்களில் அன்னமும் தானமும் பிராமணர்களுக்கு. உழுத புலையருக்கும், மரம் ஏறிய சாணாருக்கும் அந்தக் கோவிலின் வாசலும் திறந்திருக்கவில்லை. வரி மட்டும் அவர்களிடமும் வாங்கப்பட்டது.

பட்டம் ஏற்று இரண்டு ஆண்டுகளில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் சொல்லாமல் விட முடியாது. நட்டாலம் ஊரைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை என்ற அரண்மனை அதிகாரி, டிலனாயின் பழக்கத்தால் கிறிஸ்தவ மதத்தில் ஈடுபட்டு, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் பிடிக்கப்பட்டுப் பல துன்பங்களுக்கு உள்ளாகி, 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. தாசர் பட்டம் பெற்ற மன்னரின் ஆட்சியில் உயிர் நீத்தவர், இருநூற்று எழுபது ஆண்டுகள் சென்று வேறொரு பட்டம் பெற்றார்.

1756-இல் இராமய்யன் மறைந்தார். அந்தத் துயரிலிருந்து மன்னர் மீளவே இல்லை என்பர். 1758-இல் அவரும் காலமானார். அரியணையில் இருந்த காலம் இருபத்தொன்பது ஆண்டுகள்.

பட்டம் தாங்கிய அடுத்தவர்கள்

இரண்டாவது தாசர் மருமகன் கார்த்திகைத் திருநாள் இராமவர்மர். 1758 முதல் 1798 வரை நாற்பது ஆண்டுகள் ஆண்டார். பாலக்காட்டுக்காரர்களுக்கு இவர் காலம் மிகவும் தொடர்புடையது. சாமூதிரியின் படையெடுப்புக்கு அஞ்சிய பாலக்காட்டு அரசர் 1757-இல் திண்டுக்கல்லில் இருந்த ஹைதர் அலியின் உதவியை நாடினார். உதவிக்கு வந்த மைசூர்ப் படை பின்னர் மலபாரையே பிடித்தது. 1766-இல் பாலக்காட்டுக் கோட்டை எழுந்தது. மலபாரிலிருந்து தப்பி ஓடிய அரச குடும்பத்தாரும் குடிமக்களும் திருவிதாங்கூரில்தான் அடைக்கலம் புகுந்தார்கள். திப்பு சுல்தான் 1789 டிசம்பரில் நெடுங்கோட்டையைத் தாக்கியபோதும் மன்னர் அடைக்கலம் வந்தவர்களைக் கைவிடவில்லை. அதனால் மக்கள் அவருக்குக் கொடுத்த பட்டம் தர்மராஜா. ஆற்காட்டு நவாப் மூலம் வந்த ஷம்ஷேர் ஜங் முதலிய பட்டங்களும் அவருக்கு உண்டு. அவை காகிதத்தில் இருக்கின்றன. தர்மராஜா என்ற பெயர் மக்கள் நாவில் இருக்கிறது.

மூன்றாமவர் பாலராம வர்மர். 1798-இல் பதினாறு வயதில் பட்டத்துக்கு வந்த இவர் காலத்தில் நிர்வாகம் சீர்குலைந்தது. 1805 உடன்படிக்கையால் ஆங்கிலேயரின் பிடி இறுகியது. தலக்குளத்தைச் சேர்ந்த தளவாய் வேலுத்தம்பி கிளர்ந்தெழுந்து 1809-இல் மண்ணடியில் உயிர் துறந்தார். பத்மநாபரின் அடிமை என்று பட்டம் தாங்கிய மன்னர், நடைமுறையில் கம்பெனியின் ரெசிடெண்டுக்கும் கட்டுப்பட்டவரானார்.

அடுத்து 1810-இல் வந்தவர் ஒரு பெண்: கௌரி லட்சுமி பாய். தாசர் என்பதற்கு மாறாக அரச குடும்பத்துப் பெண்களுக்குப் பத்மநாப சேவினி என்று பெயர். அடிமைகளை வாங்கி விற்பதை 1812-இல் தடை செய்தது இவர் ஆட்சியின் சிறப்பு. தம்மை இறைவனின் சேவகி என்று சொல்லிக் கொண்ட ஒருவர், மனிதரை மனிதர் விற்பதற்கு எதிராகக் கையெழுத்திட்டார். இவருடைய மகனே சங்கீத உலகம் போற்றும் சுவாதித் திருநாள்.

பட்டம் கட்டிய கட்டு

அரச குடும்பத்து ஆண் குழந்தையை முதல் பிறந்த நாளில் ஒற்றைக்கல் மண்டபத்தில் கிடத்தித் தாசராக ஒப்புக் கொடுப்பது வழக்கம். கடைசி மன்னரான சித்திரைத் திருநாளும் அப்படி ஒப்புக் கொடுக்கப்பட்டவரே. மார்த்தாண்ட வர்மர் காலத்தில் மூடியிருந்த கோவில் வாசலை எல்லா இந்துக்களுக்கும் திறந்து விட்ட 1936 நவம்பர் 12 பிரகடனம் அவருடையது. 1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து அவர் ராஜப்பிரமுகர் ஆனபோது ஒரு சிக்கல் எழுந்தது. பத்மநாபருக்கே அடிமையானவர் வேறொரு பதவிக்கு எப்படிப் பிரமாணம் எடுப்பது? வழக்கமான பிரமாணத்துக்கு மாற்று வழி காணப்பட்டது. இருநூறு ஆண்டுக்கு முன் ஒற்றைக்கல் மண்டபத்தில் எழுதிய பட்டயம், மத்திய சர்க்காரையும் ஒரு கணம் நிற்க வைத்தது.

1971-இல் அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் மன்னர் பட்டங்களையும் மானியத்தையும் நீக்கியது. ஆனாலும் கோவில் யாருடையது என்ற வழக்கு நின்றபாடில்லை. 2011-இல் கேரள உயர் நீதிமன்றம் கோவிலை அரசு ஏற்க வேண்டும் என்றது. அதே ஆண்டு நிலவறைகள் திறக்கப்பட்டு, அங்கிருந்த பொற்குவியலைக் கண்டு உலகமே வியந்தது. 2020 ஜூலை 13-இல் உச்ச நீதிமன்றம், கோவிலைப் பராமரிக்கும் அரச குடும்பத்தின் உரிமை கடைசி மன்னரோடு முடிந்து விடவில்லை என்று தீர்ப்பளித்தது. அரசராக அல்ல, ஊழியராக மட்டும். விக்டோரியா மகாராணிக்கு 1877-இல் டில்லியில் விழா எடுத்துச் சூட்டிய இந்தியச் சக்கரவர்த்தினி பட்டம், 1948-இல் ஆறாம் ஜார்ஜ் காலத்தோடு போயிற்று. ஆளும் பட்டங்கள் போன பிறகும் ஊழியம் செய்யும் பட்டத்துக்கு மட்டும் கோர்ட்டில் இடம் இருந்தது.

நாகர்கோவில் பக்கம் போகும் வாசகர்கள் பத்மநாபபுரம் அரண்மனையைக் காணத் தவற வேண்டாம். கல்குளம் என்ற ஊருக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் மார்த்தாண்ட வர்மரே. அரண்மனை இருப்பது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில். பராமரிப்பது கேரள அரசு. அங்குள்ள உப்பரிகை மாளிகையின் உச்சி மாடம் பத்மநாபருக்கென்று ஒதுக்கப்பட்டது. மன்னரின் அறை அதற்குக் கீழ்த்தளத்தில் இருக்கிறது.